ஆளில்லாத தீவு

"லங்காவி வேணாம்லா, ஒரே கூட்டம்! காப்பாஸ் தீவுக்குப் போவோம், அமைதியா இருக்கும்."

"அமைதி வேணும்னா நம்ம சுங்கை பஞ்சாங் வயலு போதாதா? கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல முதல் பயணம்! எனக்கு லங்காவிதாங்க."

இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து தேறியிருந்த சத்தியசீலன் தயங்கினார்.

"அங்க எல்லாரும் உன்னையே பார்ப்பாங்க, குமுதா. நீ கூசிப் போயிடுவேன்னுதான்…"

ஓ, இதற்குத்தானா! குமுதா தலையில் கட்டியிருந்த துணியை உருவினாள். மழித்த தலை பளபளத்தது.

"நீங்க பொழைக்கணும்னு பத்துமலையில முடி இறக்கினேன். பொழைச்சிட்டீங்க. இதை நாலு பேருகிட்ட காட்டாம, ஆளில்லாத தீவுல யாருகிட்டங்க காட்டுவேன்?"