போர்டில் கட்டிய மல்லிகை

காற்று அடிக்கும்போதெல்லாம் அவள் போர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

மல்லிகைச் சரம் அசைந்தது. விலகவில்லை.

இனிமேல்தான் கட்டப்போகிற வீடுகளின் படம் போட்ட போர்டு. நீச்சல் குளம்கூட இருந்தது, அதில் குளிக்கும் வெள்ளைக்காரக் குழந்தையும் இருந்தது. இருக்க வேண்டிய ஒன்றுதான் இல்லை. ‘அரசுப் பதிவு எண்’ என்று எழுதி, பக்கத்தில் வெறும் இடம்.

எண் வராமல் ஒரு வீட்டையும் விற்கக் கூடாது, முன்பணமும் வாங்கக் கூடாது. சட்டம் அப்படி.

ஆனால் நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் யார் வீடு வாங்குவார்கள்? முதலாளி இன்றைக்கே பூமி பூஜையைப் போட்டுவிட்டார். வெறும் இடத்தை மறைத்துப் பூவைக் கட்டச் சொன்னதும் அவர்தான்.

கட்டியது அவள்.

முன்பணம் கொடுக்கப் பெரியவரும் அவர் மனைவியும் முதல் ஆளாக வந்துவிட்டார்கள். ஊர்த் தோட்டத்தை விற்ற பணம். வேறு பிடிமானம் கிடையாது. நேற்று போனில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், நம்பர் வந்துவிட்டதா என்று. போர்டிலேயே இருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னாள்.

கடைசிவரை எண் வராமலே போனால் யாரிடம் போய் நிற்பார்கள்?

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். போர்டைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.



தாம்பாளத்தில் வெற்றிலையை வைத்து, அதன்மேல் செக்கை வைத்து நீட்டினார். நல்ல நேரம் முடியப்போகிறது. முதலாளி அவளுக்குக் கண்ணைக் காட்டினார்.

இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அது முதலாளிக்கும் தெரியும்.

கையை நீட்டினாள்.

“ஏனுங்கம்மணி…” பெரியவரின் மனைவி கூச்சத்தோடு கொண்டையைத் தொட்டுக்கொண்டார். “அவசரத்துல பூ வெக்காம வந்துட்டனுங்க. நல்ல காரியத்துக்கு வெறுந்தலையோட நிக்கறனே. துளி கெடைக்குமுங்களா?”

பூஜைத் தட்டில் ஒரு பந்து மல்லிகை அப்படியே இருந்தது. கைக்கெட்டும் தூரம்தான்.

“இருங்கம்மா, தர்றேன்.”

அவள் தட்டைத் தாண்டிப் போனாள். முதலாளி ஏதோ சொன்னார். அவள் நிற்கவில்லை. போர்டுக்கு முன்னால் வந்து, தான் போட்ட முடிச்சைத் தேடினாள்.

பெரியவர் இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை.