யாரால் வந்த தவறு?

ஒரு ஊரில் ஒரு ஆபீஸாம். அந்த ஆபீஸில் புதுசா ஒரு மேனேஜராம். யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று அளக்க, கம்ப்யூட்டரில் அவரே ஒரு படம் போட்டு வைத்தாராம். புது வேலை என்றால் பச்சை. செய்ததையே திரும்பச் செய்தால் சிவப்பு.

மாசக் கடைசியில் பார்த்தால், அக்காவின் பக்கம் மட்டும் செக்கச்செவேலென்று கிடந்தது.

அக்கா அங்கே புரோகிராமர். மூத்தவர் என்பதால் எல்லாருக்குமே அக்கா. மேனேஜரும் பதவி உயரும்வரை அவருக்குப் பக்கத்து நாற்காலிதான். அதுவரை அவரை ‘தம்பி’ என்று கூப்பிட்ட அக்கா, அப்புறம் ‘சார்’ போட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு ஆளைக் குறைத்தாக வேண்டும், சாயங்காலத்துக்குள் பேர் சொல்லுங்கள் என்று டைரக்டர் கேட்டிருந்தார். மேனேஜர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். மனசே இல்லை. ஆனால் சிவப்பு சிவப்புதானே.

எதைத் திருத்தினாலும் ‘யாரால் வந்த தவறு’ என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். அக்கா எல்லாவற்றிலும் தன் பேரையே போட்டிருந்தார்.

“இவ்வளவு தப்புப் பண்ற ஆளே இல்லக்கா நீங்க. யாரையோ காப்பாத்துறீங்க. அந்த அவசரக்குடுக்கையைத்தானே?”

யோசிக்காமல் எழுதித் தள்ளும் ஒருவனுக்கு ஆபீஸில் வைத்த பட்டப்பேர் அது.

“ஐயோ, அவன் தலையை ஏன் சார் உருட்டுறீங்க? அவன் இல்ல.”

சொல்லாவிட்டால் உங்கள் பேரைத்தான் கொடுக்க வேண்டிவரும் என்றார் மேனேஜர். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் சம்பளத்தில்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

“சரி, முதல்ல எழுதினது யாருன்னு நானே பார்த்துக்கறேன்.”

“வேணாம் சார். விட்டுடுங்க.”

மேனேஜர் பழைய புரோகிராமைத் திறந்தார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுதினவர் பேர் வந்து நின்றது.

மேனேஜரின் பேர்தான்.

அக்கா மெல்லச் சொன்னார். “உங்க பாப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, நீங்க கட்டில் ஓரமா உக்காந்து எழுதிக் குடுத்தது, தம்பி. அதைப் போய் உங்க தப்புன்னு எப்படிப் போடுவேன்?”

நீங்கள் போய் வேலையைப் பாருங்கள் என்று மேனேஜர் கையால் காட்டினார். அக்கா போனதும் எழுந்து டைரக்டரின் அறைக்குப் போனார்.

“அந்தச் சிவப்பு மொத்தமும் நான் பண்ணின தப்பு சார். ஆளைக் குறைக்கணும்னா என்கிட்டேர்ந்து ஆரம்பிங்க.”

சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு நடந்தார்.