தேயாத செருப்பு

ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் கிருபாமணி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் ஆம்பூர் பாஸ்டர் எலிசாவுக்குப் புது ஷூ கொடுப்பாள். இந்த வருஷம் மறந்துவிடப் போகிறாளே என்று, அவளுக்கு நினைவூட்ட, பைபிளில் யாரும் புரட்டாத உபாகமத்தில் செருப்பு வரும் ஒரு வசனத்தைத் தேடிப் பிடித்தார் அவர்.

"நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடந்தும் ஜனங்களின் செருப்பு தேயவில்லை! கர்த்தர் எவ்வளவு உண்மையுள்ளவர்!"

பிரசங்கிக்கும்போதே அவர் கண் அவள் மடியிலிருந்த அட்டைப்பெட்டியில் இருந்தது. கிருபாமணி அழுதேவிட்டாள்.

ஆராதனை முடிந்து வெறுங்கையோடு வந்தாள்.

"பெட்டி என்னாச்சும்மா?"

"உங்க செருப்பைத்தான் கர்த்தரே பாத்துக்கறாரே ஐயா! நம்ம சர்ச் வாட்ச்மேனுக்கு அவ்ளோ விசுவாசம் பத்தாது. அவருக்குக் குடுத்துட்டேன்."

"ஆமென்" என்ற பாஸ்டர், பிளந்த ஷூவிலிருந்து எட்டிப்பார்த்த கட்டைவிரலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.