ஃப்ரீதானே?

இப்போதும் 'ஃப்ரீதானே' என்றுதான் ஆரம்பிப்பாள். தொளதொளத்துப்போன ஜாக்கெட் ஃப்ரீ, நான் ஏறும் டவுன் பஸ் ஃப்ரீ, சோப்புடன் வரும் டப்பாவைப்போல நானும் ஃப்ரீ. செல்போனில் நாத்தனார் சுகுணாவின் பெயரைப் பார்த்ததும் தாமரைச்செல்விக்கு இப்படித்தான் தோன்றியது. விரல்கள் மார்பில் இருந்த கட்டியைத் தேடிப்போயின. யாரிடமும் சொல்லவில்லை. நாளைக் காலை ஸ்கேன். போன வாரமே எடுத்திருக்க வேண்டியது. சுகுணாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதில் தள்ளிப்போனது.

"அண்ணி, நாளைக்கு ஃப்ரீதானே? வாண்டுங்க ரெண்டையும் விட்டுட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துடறேன்."

"இல்ல சுகுணா, முடியாது."

சுகுணா சிரித்தாள். "வீட்லயே இருக்கீங்க, அப்படி என்ன வேலை உங்களுக்கு?"

விரல் கட்டியின் மேலேயே நின்றது.

"வேற யார்கிட்டயாவது விடும்மா," என்றாள் தாமரைச்செல்வி.