தணிகாசலத்தின் சம்மதம்

மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "டிபன் ரெடி" என்று சொன்னதை நம்பி, தணிகாசலம் குளியலறைக்குப் போய் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆனால் பெண்ணின் சித்தப்பா ஜாதகத்தை விரித்துவிட்டார். பேச்சு செவ்வாயிலிருந்து சனிக்கு நகர்வதற்குள் தணிகாசலத்துக்குக் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது. ஜாதகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். கேசரித் தட்டோடு வந்த பெண் தமயந்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ்; அவர் முகத்தைப் பார்த்ததும் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு நேராக அவர் அருகில் மண்டியிட்டாள். "வாயத் திறங்க மாமா" என்று ஊட்டத் தொடங்கினாள். "ஐயையோ, அவருக்கு சுகரும்மா!" என்று தட்டைப் பிடுங்கப் பாய்ந்தார் அவர் மனைவி கோகிலா. "அந்த சுகர்தான் இப்ப இறங்கிப் போச்சு அத்தை. கைய எடுங்க." தட்டு பாதியானபோது நடுக்கம் நின்றது. பல வருடங்களாக இனிப்பையே காணாத வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் புடிச்சிருக்கு" என்றார் தணிகாசலம். மாப்பிள்ளைப் பையன் இன்னும் பெண்ணின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கோகிலா சந்தேகத்தோடு கேட்டார்: "எதுங்க? பொண்ணா, கேசரியா?" தணிகாசலம் தட்டை நீட்டினார். "இன்னும் ஒரு கரண்டி வை, மருமகளே."