மகிழ் பேசும் தலையணை

தூக்கத்தில் நெஞ்சு படபடத்து, மாரடைப்பு என்று அலறி எழுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தலையணை கொடுப்பார்கள். படபடப்பு வந்தால் அது வீட்டு ஆளின் குரலில் பேசும். தினகர் தன் மகள் மகிழின் குரலைப் பதிவு செய்திருந்தார்.

போன வருஷம் மகிழ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு அவருக்குப் படபடப்பே வரவில்லை. இனி எதற்குப் பயப்படுவது?

"உங்களுக்குக் குணமாயிடுச்சு சார். குரலை அழிச்சிட்டு அடுத்த ஆளுக்குக் குடுக்கணும்," என்று வீட்டுக்கு வந்த ஆஸ்பத்திரி ஊழியர் கையை நீட்டினார்.

தினகர் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மூச்சு முட்டியது.

"ஹார்ட் அட்டாக் இல்லப்பா, வெறும் பயந்தான். மெதுவா மூச்சு விடு," என்றது தலையணை.

மூச்சு சீரானது. குரல் நின்றுவிட்டது.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி ஷர்மிளா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னுங் கொஞ்சம் பயப்படுங்களேன்."