தொண்ணூற்றொருவர்

அன்னாபா நகரச் செவிலியர் பள்ளியின் அகலமான படிக்கட்டில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பட்டம் பெற்ற தொண்ணூற்றொரு பெண்கள் வெள்ளை உடுப்பில் படத்துக்கு நிற்கிறார்கள். போட்டோக்காரன் மூராத் பத்துப் பத்துப் பேராக நிறுத்திப் பார்க்கிறான்; ஒருத்தி மிஞ்சுகிறாள். அவன் கண் ஸுலிகாவின் நரைமுடியில் வந்து நிற்கிறது. "அம்மா, நீங்க கொஞ்சம் ஓரமா நின்னுக்குங்க. வரிசை அழகா வரணும்." நான்கு பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, ஐம்பது வயதில் படிக்க வந்தவள் ஸுலிகா. விட்டுக்கொடுத்தே பழகிய கால் ஒரு படி இறங்குகிறது. பிறகு அங்கேயே ஊன்றிக்கொள்கிறது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த உதடுகள் முணுமுணுக்கின்றன: இரண்டால் வகுபடாது, மூன்றால் வகுபடாது, ஐந்தாலும் ஆகாது. ஏழு? அவள் முகம் மலர்கிறது. "தம்பி, தொண்ணூத்தொண்ணுக்கும் காரணி இருக்குப்பா. ஏழு வரிசை போடு, வரிசைக்குப் பதிமூணு பேர். யாரும் மிஞ்ச மாட்டோம்."

"அடி கிழவி, பரீட்சையில என் பக்கத்துல உக்காராமப் போனியே!" என்று தோழி நஜாத் கத்த, படிக்கட்டே சிரிக்கிறது. கஞ்சி போட்ட உடுப்புகள் மொடமொடத்து இடம் மாறுகின்றன. மூராத் தலையைச் சொறிந்தபடி எண்ணிப் பார்க்கிறான். எல்லா வரிசையும் சரியாக இருக்கிறது. "நடுவுல வாங்கம்மா" என்கிறான். ஸுலிகா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். நஜாத் குலவையிடுகிறாள், மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.